எல்லை தாண்டிய இதழும் ஆலை வாசலுக்கு வந்த இதழும்

அச்சிட்ட எழுத்து மக்களை ஒரு நோக்கத்துக்காகத் திரட்டுமா, திரட்டும் என்றால் எந்தச் சூழலில் திரட்டும் என்பதை ஆராய விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரியைப் போல வாய்ப்பான ஊர் தமிழ்நாட்டுச் சுற்றுவட்டாரத்தில் வேறில்லை என்றே கருதுகிறேன். கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு தமிழ் இதழ்கள் இந்த ஊரிலிருந்து வெளிவந்தன. சென்னையில் தொடங்கி 1908 அக்டோபரில் புதுச்சேரிக்கு இடம் மாறிய ‘இந்தியா’ வார இதழ் ஒன்று. 1934 ஜூனில் வ. சுப்பையா தொடங்கிய ‘சுதந்திரம்’ மற்றொன்று. முன்னதன் பின்னே பாரதியாரின் பேனா இருந்தது. பின்னதன் பின்னே 23 வயது இளைஞர் ஒருவரின் உழைப்பும், பஞ்சாலைகளில் விடிந்து அடையும் வரை நின்ற தொழிலாளரின் குறைகளும் இருந்தன. எழுத்து நயத்தை மட்டும் வைத்து எடை போட்டால் முதல் இதழுக்கு நிகர் கிடையாது. ஆனால் ஊரையே திரட்டி, அரசைப் பணியவைத்து, கையில் பிடித்துக் காட்டத்தக்க ஒரு சட்டத்தைப் பெற்றுத்தந்த போராட்டத்தோடு இணைந்து நிற்பது இரண்டாவது இதழ்தான். இது ஏன் இப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஓர் இதழ் வந்தது, அதன் பிறகு மக்கள் எழுந்தார்கள் என்பதால் மட்டுமே இதழால்தான் எழுந்தார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. 1908 மார்ச்சில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கடையடைப்பும் கிளர்ச்சியும் நடந்தபோது மக்களைக் கூட்டியவை வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசிய பேச்சுகளும் அவர்கள் கைதானதுமே. ‘இந்தியா’ அந்தச் செய்திகளைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றது. கூட்டத்தைக் கூட்டியது அதுவன்று. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து செய்த வேலை எது, பேச்சும் பசியும் கோபமும் செய்த வேலை எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

சென்னையில் கைது, புதுச்சேரியில் அச்சு

‘இந்தியா’ 1906 மே மாதம் சென்னையில் தொடங்கப்பட்டது. அதற்கு முதலீடு செய்தவர்கள் மண்டயம் குடும்பத்தார். ‘சுதேசமித்திர’னில் ஜி. சுப்பிரமணிய ஐயரிடம் பயின்ற பாரதியார் இந்த இதழுக்கு உயிராக இருந்தார் என்றாலும், சட்டப்படி ஆசிரியர் என்று பதிவானது எம். சீனிவாசனின் பெயர். 1908-இல் ஆட்சியாளர்களின் பிடி இறுகியது. வன்முறையைத் தூண்டுவதாகக் கருதப்படும் பத்திரிகைகளின் அச்சகத்தையே பறிமுதல் செய்ய வழிசெய்யும் சட்டம் அந்த ஆண்டு ஜூனில் வந்தது, ஜூலையில் வ.உ.சி.க்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதம் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் இராஜத் துரோகக் குற்றச்சாட்டில் சீனிவாசன் கைதானார். பின்னர் அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. எழுதியவர் ஒருவர், சிறை சென்றவர் மற்றொருவர் என்ற இந்தக் கணக்கு பாரதியாரின் நெஞ்சை எவ்வளவு அறுத்திருக்கும் என்பதை அவருடைய பிற்கால எழுத்தைப் படிக்கிறவர்கள் உணர்வார்கள். அடுத்து அவர்மீதும் கை விழும் என்ற நிலையில் நண்பர்கள் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அச்சு இயந்திரமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. பிரான்ஸில் 1881 ஜூலை 29 அன்று நிறைவேறிய பத்திரிகைச் சட்டம், ஓர் இதழைத் தொடங்க முன் அனுமதி தேவையில்லை, ஈட்டுத்தொகை கட்டத் தேவையில்லை, அரசுக்கு அறிவித்துவிட்டு அச்சிடலாம் என்று சொல்லியது. அந்தச் சட்டம் பிரெஞ்சுக் காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய கடலூர், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைமையிடம். அங்கே இருந்ததோ பிரிட்டிஷ் கலெக்டரின் ஆட்சி. வயல்வெளியில் பிரெஞ்சு ஊரும் பிரிட்டிஷ் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இந்த வட்டாரத்தில், ஒரு வாய்க்காலைத் தாண்டினால் குற்றமாகிவிடும் ஒரு வாக்கியம், தாண்டாத வரை குற்றமாகாமல் இருந்தது.

ஒரு பக்கம் வாசகரைத் தேடிய விதம்

‘இந்தியா’வின் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்த்தால், வாசகரைப் பற்றி அதை நடத்தியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். இதழ் சிவப்புத் தாளில் வந்தது. தலைப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்கள். முகப்பில் பெரிய கருத்துப் படம். தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப் படத்தைத் தொடர்ந்து வெளியிடும் வழக்கத்தை இந்த இதழே தொடங்கிவைத்தது. படத்தின் கீழே அதன் பொருளை விளக்கும் குறிப்பு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துவிட்டு ‘இது யார், அது என்ன’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்; அவர் குறிப்பை உரக்கப் படிப்பார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்த நிலையில் ஒரு பிரதி ஒருவருக்கு மட்டும் என்று அச்சிடப்பட்டிருந்தால் அதனால் யாரையும் திரட்டியிருக்க முடியாது. திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது அந்நாளைய வழக்கம்; அந்த வழக்கத்துக்கு ஏற்றபடி அமைந்த பக்கம் அது.

சந்தா விகிதமும் கவனிக்கத்தக்கது. அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு 30 ரூபாய், மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய், மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். தலைப்பில் எழுதிய ‘சமத்துவம்’ என்ற சொல்லை அவர்கள் விலைப் பட்டியலிலும் எழுதிக் காட்டினார்கள் என்று இதை நான் படிக்கிறேன். படித்துவிட்டுத் தலையாட்டுவதோடு நிற்காமல் பணம் கட்டும்போதே தான் எந்தப் பக்கம் என்பதை வாசகர் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது.

நடையும் அப்படித்தான். அக்காலத்துப் படித்தவர்களின் தமிழ் உரைநடை பெரும்பாலும் சமஸ்கிருதத் தொடர்களையோ ஆங்கில வாக்கிய அமைப்பையோ சுமந்து நடந்தது. பாரதியார் வடசொற்களைத் தாராளமாகவே பயன்படுத்தினார் என்றாலும், வாக்கியத்தைப் பேசுகிறவரின் மூச்சளவுக்கு வெட்டினார். ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் உள்ள தமிழ் மக்கள் எல்லோருக்கும் பொருள் விளங்க எழுத வேண்டும் என்று 1912-இல் ‘பாஞ்சாலி சபத’ முன்னுரையில் அவர் சொன்ன இலக்கணத்தை, அதற்கு முன்பே ‘இந்தியா’வின் உரைநடையில் பழகிப் பார்த்துவிட்டார்.

இவ்வளவும் சேர்ந்து செய்த வேலை எது? திருநெல்வேலியில் ஒரு பள்ளி ஆசிரியர், கும்பகோணத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா, சேலத்தில் ஒரு நூல் வியாபாரி என்று ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், ஒரே வாரத்தில் ஒரே செய்தியைப் படித்து ஒரே கோபத்தை அடைந்தார்கள். தாம் தனியாக இல்லை என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உண்டாக்கியது சிறு காரியமன்று. ஆனால் அந்த ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் இடையே இருந்த ஒரே இணைப்பு, வாரந்தோறும் தபாலில் வந்த ஒரு சிவப்புத் தாள் மட்டுமே.

தபாலை நிறுத்தினார்கள்

இதைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பிரெஞ்சு மண்ணில் இருந்த ஆசிரியரைக் கைது செய்ய அவர்களுக்கு வழியில்லை. அச்சகத்தைப் பூட்டவும் வழியில்லை. ஆனால் இதழின் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். இதழ் அவர்களைச் சேர்வதற்கும், அவர்களுடைய சந்தாப் பணம் இதழைச் சேர்வதற்கும் பிரிட்டிஷ் இந்தியத் தபாலை விட்டால் வேறு பாதை இல்லை. 1879 முதல் புதுச்சேரியை விழுப்புரத்தோடு இணைத்த ரயில் பாதையும் சில கல் தொலைவிலேயே பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்துவிடும்.

1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் புதிய அச்சகம் வைப்பவர்களிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்டது. அதோடு, ஐயத்துக்குரிய இதழ்கள் அடங்கிய பொதிகளைத் தடுத்து வைக்கச் சுங்கத்துறைக்கும் தபால்துறைக்கும் அதிகாரம் அளித்தது. ஈட்டுத்தொகை விதி புதுச்சேரியைத் தொடவில்லை. தபால் விதி தொட்டது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. ‘விஜயா’ நாளிதழ், ‘சூரியோதயம்’, ‘கர்மயோகி’ என்று பாரதியார் புதுச்சேரியில் பங்கெடுத்த மற்ற இதழ்களும் நீடிக்கவில்லை. எழுதும் உரிமை ஒரு வார்த்தையும் குறையாமல் அப்படியே இருந்தது. ஆனால் எழுதியதைப் படிக்க ஆளைச் சேர முடியவில்லை. வாசகர்களின் மனம் மாறிவிட்டது என்பதற்கோ, அவர்கள் சலித்துப்போனார்கள் என்பதற்கோ எந்தச் சான்றும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை இந்த ஆய்விலிருந்து விலக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வெளிப்படையான இதழின் பாதை அடைபட்டபோது, புதுச்சேரியிலிருந்து இரகசியத் துண்டுப் பிரசுரங்கள் எல்லை தாண்டின. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், புதுச்சேரியில் அச்சானவை என்று சொல்லப்பட்ட அத்தகைய பிரசுரங்கள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. ஆயிரம் பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்படி எழுதிய தமிழ், பத்துப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் தமிழாகக் குறுகிவிட்டது. எழுத்து மக்களைத் திரட்டும் பாதையை அடைத்தவர்கள், அது ஓரிருவரைத் துப்பாக்கி ஏந்தவைக்கும் பாதையைத் தாங்களே திறந்துவிட்டார்கள் என்று நான் கருதுகிறேன். அதே 1911-இல் ‘ஆறில் ஒரு பங்கு’, ‘கனவு’ ஆகிய பாரதியாரின் சிறு நூல்களும் தடைசெய்யப்பட்டன. தீண்டாமைக்கு எதிரான ஒரு கதையையும் இளமை நினைவுகளைச் சொல்லும் ஒரு கவிதையையும் அஞ்சி ஓர் அரசு தடை போட்டது என்றால், அந்த எழுத்தாளரின் பெயரையே அது ஓர் இதழாகக் கருதியது என்று பொருள். 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியபோது கடலூர் அருகே கைதானார். கடலூர்ச் சிறையில் ஏறக்குறைய மூன்றரை வாரம் இருந்தபின், கட்டுப்பாடுகளுடன் விடுவிக்கப்பட்டார்.

1934: வேறு வாசகர், வேறு தொலைவு

சுப்பையா 1911-இல் புதுச்சேரியில் பிறந்தவர். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தபோது அந்த வரவேற்புக்காக ஓடியாடியவர்களில் அவரும் ஒருவர். அரிசன சேவையில் தொடங்கிய அவருடைய பொதுவாழ்வு விரைவில் ஆலைத் தொழிலாளரிடம் போய்ச் சேர்ந்தது. ‘சுதந்திரம்’ அந்தத் திருப்பத்தில் பிறந்தது. நடையழகில் அதை ‘இந்தியா’வோடு ஒப்பிடுவது இருவருக்கும் நியாயம் செய்யாது. அது அறிவிப்பும் குறைகேட்பும் கோரிக்கையுமாக நடந்த இதழ்.

அன்றைய புதுச்சேரியில் பெரிய பஞ்சாலைகள் மூன்று: ரோடியர், சவானா, கப்ளே. பின்னாளில் இவை ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று பெயர் பெற்றன. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த குடும்பங்கள் முதலியார்பேட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. கடலூர் எல்லையை ஒட்டிய கிராமங்களிலிருந்தும் ஆட்கள் நடந்து வேலைக்கு வந்தார்கள். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று நீண்ட வேலை. பெண்களுக்கும் இரவு வேலை. சிறுவர்களும் நூற்புக் கூடத்தில் நின்றார்கள். சங்கம் வைக்கும் உரிமை இல்லை. இவையெல்லாம் ஒவ்வொரு தொழிலாளியும் தன் உடம்பால் அறிந்தவை. அவற்றைச் சொல்ல ஓர் இதழ் தேவைப்படவில்லை.

அப்படியானால் இதழ் எதற்குத் தேவைப்பட்டது? என் கணிப்பில் இரண்டு வேலைகளுக்கு. நெசவுப் பகுதியில் நிற்பவரின் குறை நூற்புப் பகுதிக்குத் தெரியும். ஆனால் சவானாக்காரரின் குறையும் ரோடியர்காரரின் குறையும் ஒன்றே என்பது, மூன்று ஆலைகளுக்கும் பொதுவான ஒரு தாள் வந்தபோதுதான் ஊருக்குப் புலப்படும். இது முதல் வேலை. இரண்டாவது வேலை இதைவிடப் பெரியது. வாயால் சொல்லும் குறைக்கு அளவு கிடையாது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அது மாறும். மேஸ்திரியிடம் போய் முறையிட்டால் அவர் ஒருவரைச் சமாதானப்படுத்தி, இன்னொருவரை மிரட்டி, மூன்றாமவரை வேலையை விட்டு நிறுத்தி முறையீட்டைக் கரைத்துவிடுவார். வேலை நேரம் இவ்வளவு, கூலி இவ்வளவு, பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று எழுதி அச்சிட்டுவிட்டால் அந்தக் கோரிக்கையைக் கரைக்க முடியாது. யார் போய்ப் பேசினாலும் அதே கோரிக்கைதான்; பேசப் போனவரைப் பிடித்துச் சிறையில் போட்டாலும் கோரிக்கை அப்படியே வெளியில் நிற்கும். 1935 பிப்ரவரியில் சவானா ஆலையில் தொடங்கி நெடுநாள் நீடித்த வேலைநிறுத்தம் சில சலுகைகளைப் பெற்று முடிந்தது. எழுதி முன்வைத்த கோரிக்கையை நிர்வாகம் எழுத்தில் ஏற்கும்படி செய்ய முடியும் என்ற அனுபவம் தொழிலாளர்களுக்கு அதில் கிடைத்தது.

இந்த இதழுக்கு எல்லை ஒரு பொருட்டாக இல்லை. வாசகர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார். தபால் வேண்டாம், வேலை முடிந்து வெளியே வரும் ஒருவரின் கையில் கொடுத்தால், தேநீர்க் கடையில் உட்கார்ந்து படிப்பவர் ஒருவரும் கேட்பவர் பலருமாக அந்தத் தாள் அன்றிரவுக்குள் தெருவைச் சுற்றிவிடும். அதற்கு மேலாக, படித்தவரும் கேட்டவரும் மறுநாள் காலை ஒரே ஆலை வாசலில் நிற்பார்கள். சேலத்து நூல் வியாபாரிக்குத் தன்னைப் போல இன்னொருவர் கும்பகோணத்தில் கோபப்படுகிறார் என்பது நம்பிக்கையளவில்தான் தெரியும். சவானாத் தொழிலாளிக்கு அது பக்கத்துத் தறியில் நிற்பவரின் முகத்திலேயே தெரியும்.

பாரிஸில் எழுதியது, புதுச்சேரியில் படித்தது

1936 மே மாதத் தேர்தலில் பிரான்ஸில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி வென்று லெயோன் புளும் பிரதமரானார். அந்நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே தங்கி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 7 அன்று கையெழுத்தான மத்தினியோன் உடன்படிக்கை அவர்களுக்குச் சங்க உரிமையையும் கூலி உயர்வையும் தந்தது. அதே மாதம் ஊதியத்துடன் விடுப்பும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சட்டமாயின. இந்தச் செய்தி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததன் விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதுவரை தொழிலாளி கேட்டது கருணை. இப்போதோ, தன்னை ஆளும் அதே அரசு தன் சொந்த நாட்டில் எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை இங்கேயும் எழுதித்தா என்று கேட்க முடிந்தது. கவர்னர் சொலொமியாக்கிடம் போய் ‘எங்களுக்கு இரங்குங்கள்’ என்று சொல்வதற்கும், ‘உங்கள் பாரிஸில் இருப்பது எங்கள் பாண்டியில் ஏன் இல்லை’ என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பிரெஞ்சு மொழி தெரியாத ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமானால், அதற்கு முன்பே ஒருவர் அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியிருக்க வேண்டும். தொழிலாளர் இதழ் ஒன்று ஊரில் இருந்ததன் பயன் இந்த இடத்தில்தான் முழுமையாக விளங்குகிறது.

ஜூலை மாதம் புதுச்சேரித் தொழிலாளர்களும் ஆலைக்குள் தங்கிப் போராடும் வழியைக் கைக்கொண்டார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளைப் புதுச்சேரி இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது.

இந்த இடத்தில் இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1910-இல் ஆட்சியாளர்கள் இதழை நிறுத்த ஒரு குண்டுகூடச் சுட வேண்டியிருக்கவில்லை; தபால் அதிகாரிக்கு ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. 1936-இல் நிறுத்துவதற்குத் தபால் பை எதுவும் இல்லை. இதழ் சொன்னது ஏற்கெனவே ஆலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை வெளியேற்ற மனிதர்களையே வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆகவே, வாசகர்கள் ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்தில் இருக்கும்போது எழுத்து பெறும் வலிமைக்குச் செலுத்தப்படும் விலையும் அதிகம் என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வை நடத்துவது அந்தப் பன்னிரண்டு பேருக்குச் செய்யும் துரோகமாகும். அவர்களை ஆலைக்குள் நிறுத்தியது ஒரு தாளில் அச்சான சொற்கள் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பசியும் மானமும் தோழர்கள் மீது வைத்த பற்றும் அங்கே இருந்தன. ஆனால் எதற்காக நிற்கிறோம் என்பதை எல்லோரும் ஒரே சொற்களில் சொல்லத் தெரிந்து நின்றார்கள். கலைந்து போகாமல் அவர்களைக் கட்டிப் பிடித்தது அந்தப் பொதுச் சொல் என்றே நம்புகிறேன்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் நடந்தவற்றிலும் எழுத்தின் பங்கு பெரிது, ஆனால் அதன் திசை மாறியது. இப்போது வாசகர் ஆலைத் தொழிலாளி அல்லர். பாரிஸில் காலனிகள் அமைச்சராக இருந்த மரியுஸ் மூத்தேயும், இந்தியத் தேசிய இயக்கத்தின் தலைவர்களும். அக்டோபர் மாதம் ஜவாஹர்லால் நேரு புதுச்சேரிக்கு வந்தார். 1937-இல் சுப்பையா பாரிஸுக்குச் சென்று தொழிலாளரின் கோரிக்கைகளை நேரில் முன்வைத்தார். ஊருக்குள் உரக்கப் படித்தால் போதும் என்றிருந்த கோரிக்கை, அமைச்சகத்தின் மேசைக்கு ஏற்ற மனுவாகவும் குறிப்பாகவும் பிரெஞ்சில் உருமாற வேண்டியிருந்தது. ஒரே பொருளை இரண்டு வாசகர்களுக்கு இரண்டு விதமாக எழுதும் இந்தத் திறமை பாரதியாரின் காலத்து இதழ்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் எதிராளியோடு பேரம் பேசும் இடத்தில் இல்லை.

1937 ஏப்ரல் 6 ஆணை

1937 ஏப்ரல் 6 தேதியிட்ட ஆணை, பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும் ஏற்றது. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழில் தொடங்கிய எழுத்து, கோரிக்கைப் பட்டியலாகி, மனுவாகி, கடைசியில் அரசின் ஆணையாக முடிந்த வரிசையை இங்கே காணலாம். ஒவ்வொரு கட்டத்திலும் வாக்கியம் வறண்டுகொண்டே போகிறது. இதழில் இருந்த சூடு பட்டியலில் இல்லை; பட்டியலில் இருந்த நேரடித்தன்மை ஆணையில் இல்லை. அதைக் குறையாக எண்ணக் கூடாது. சங்கு ஊதியபின்னும் தறியை நிறுத்தாதே என்று சொல்லும் மேஸ்திரியின் முன் தொழிலாளிக்குத் துணை நிற்பது, உணர்ச்சி இல்லாத அந்த ஆணையின் வாசகமே.

ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்ல வேண்டும். ‘இந்தியா’ தோற்றது என்று நீங்கள் சொல்லலாமா, அந்த இதழ் விதைத்த விடுதலை உணர்வு இல்லாமல் 1934-இல் ‘சுதந்திரம்’ என்ற பெயரே ஓர் இதழுக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் தோற்றது என்று சொல்லவில்லை. தமிழ் அரசியல் எழுத்துக்கு அது ஒரு நடையையும் துணிவையும் கொடுத்தது. இந்த ஊரில் நின்று ஓர் அரசை எதிர்த்து எழுத முடியும் என்று காட்டியது. நான் பிரித்துப் பார்ப்பது வேறொன்றை. மனத்தை மாற்றும் எழுத்தின் காலக்கணக்கு ஒரு தலைமுறை; அது சென்று தைக்கும் இடத்தை எழுதியவரே பார்க்காமல் போகலாம், பாரதியார் பார்க்கவில்லை. மக்களைத் திரட்டும் எழுத்தின் காலக்கணக்கு வாரம், மாதம். அதற்கு வாசகர் எங்கே நிற்கிறார், அவர் பக்கத்தில் யார் நிற்கிறார், படித்து முடித்ததும் அவர் செய்யக்கூடியது என்ன என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘சுதந்திரம்’ இதழுக்கு இவை மூன்றும் தெரிந்திருந்தன. ‘இந்தியா’வுக்கு மூன்றாவது ஓரளவு தெரியும்: அந்நியத் துணியை விலக்கு, சுதேசிக் கப்பலுக்குப் பங்கு வாங்கு என்று அது சொன்னது. முதலிரண்டும் எல்லைக்கு அப்பால் இருந்தன.

1937 ஆணைக்கும் அந்த எல்லை ஒரு வரம்பானது. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலைத் தவிர மற்றத் திசைகளெல்லாம் பிரிட்டிஷ் ஆட்சி. அங்கே 1934 தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி நேரமும் வாரத்துக்கு 54 மணி நேரமும் வேலை வாங்க அனுமதித்தது. அதை 48 மணி நேரமாகக் குறைக்கும் திருத்தம் 1946-இல்தான் வந்தது. கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வந்து ரோடியரில் வேலை செய்த ஒருவர் எட்டு மணி நேரத்தில் வீடு திரும்பினார். அதே தெருவிலிருந்து பிரிட்டிஷ் பகுதி ஆலைக்குப் போன அவருடைய மைத்துனருக்கு வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பு வரவே இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.